பின்னால் வண்டி ஏதும் வருதா?

"அண்ணே, பின்னால வண்டி ஏதும் வருதா?"

"இல்ல தங்கச்சி."

நாங்கள் பேசியது இவ்வளவுதான். கையிலிருந்த சவுக்குக் கிளையை லொறி ஜன்னல் வழியாக நீட்டினேன். பாதை வேலை நடக்கும் இடத்தின் கீழ் முனையில் கொடி பிடித்து நின்ற அந்தப் பிள்ளை வாங்கிக்கொண்டு பச்சைக் கொடியைத் தூக்கியது. ஏறுவதற்காகக் காத்திருந்த வரிசை நகர, நான் றம்பொடைப் பக்கம் இறங்கிவிட்டேன்.

கிளையின் கணக்கு எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு பக்கப் பாதை மட்டும் திறந்திருக்கும் இடத்தில், மேலே கொடி பிடிப்பவர் கடைசி வண்டியிடம் அதைக் கொடுப்பார். அது கீழே வந்து சேர்ந்தால் பாதை காலி. போன் சிக்னல் வராத வளைவுகளில் அந்தக் கிளைதான் போன். டித்வா புயலுக்குப் பிறகு மலையகத்தில் எத்தனை இடங்களில் இப்படி நின்று நின்று போகிறோம்!

அன்று மேலே இருந்த தம்பி, "நீங்கதான் கடைசி" என்று சொல்லித்தான் கொடுத்தான். அதில் பிழையில்லை. எனக்குப் பின்னால் யாரையும் அவன் விடவும் இல்லை. ஆனால் வேலை நடக்கும் துண்டின் நடுவில் ஒரு தோட்டப் பாதை வந்து சேருகிறது. அந்த முச்சந்தியில் கொடி பிடிக்க ஆள் கிடையாது. லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து, வரும் ஆட்டோக்காரருக்கு எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று யார் சொல்வது? இதை நான் பல தடவை யோசித்துவிட்டேன். யோசிக்கும்போதெல்லாம் மனம் கொஞ்சம் லேசாகும். அப்புறம் கண்ணாடி ஞாபகம் வந்துவிடும்.

அந்த முச்சந்தியைத் தாண்டிய முதல் வளைவில், பக்கக் கண்ணாடியில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஒற்றை லைட், மங்கலாக. அடுத்த வளைவில் இல்லை, அதற்கடுத்த வளைவிலும் இல்லை. திரும்பி லயத்துக்கே போயிருக்கும் என்று நினைத்தேன். பனிமூட்டம் பின்பக்கத்தை மூடியிருந்ததை அப்போது கணக்கில் எடுக்கவில்லை.

ஆகவே நான் "இல்ல" என்றது பொய்யா? கேட்ட நேரத்தில் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவள் கேட்டது தெரிகிறதா என்று அல்ல, வருகிறதா என்று. "ஒரு வெளிச்சம் பார்த்தேன், இப்போ காணல்ல" என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? லொறியில் லீக்ஸும் கரட்டும் ஏற்றியிருந்தேன். சந்தைக்குப் பிந்திப் போனால் விலை இறங்கிவிடும். எதிர்வரிசை வேறு ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது.

அந்த வெளிச்சம் லயத்திலிருந்து வந்த ஓர் ஆட்டோ. நான் போனபின் பாதை திறந்ததும் ஏறிய முதல் லொறிக்கு எதிரே அது இறங்கி வந்துவிட்டது. அந்த லொறிக்காரரையும் குறை சொல்ல முடியவில்லை. புதிதாகக் கொட்டிய சல்லியில் பாரத்தோடு நின்றால் மறுபடி எடுப்பது பெரும் பாடு, சில்லு சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். 30 கிலோமீற்றர் வேகம்தான் என்று நாம் சொல்வோம். அது வினாடிக்கு 8 மீற்றருக்கும் அதிகம். இரண்டு வண்டியும் எதிரெதிரே அப்படி வந்தால் வினாடிக்கு 16 மீற்றருக்கு மேல் நெருங்கும். அந்தப் பனியில் 20 மீற்றருக்கு அப்பால் எதுவும் தெரியாது. யாருக்குமே ஒன்றரை வினாடி கூடக் கிடைத்திருக்காது.

ஆட்டோக்காரர் மலைப்பக்க வடிகானுக்குள் வெட்டித் திருப்பினார். வண்டி சரிந்து அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. பின்னால் இருந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பள்ளத்துப் பக்கம் திருப்பியிருந்தால்? 2025 மே 11 விடியற்காலையில் கரண்டியெல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனதும் இதே கம்பளை வீதியில்தான். அந்த இடத்தைத் தாண்டும்போது இப்போதும் எனக்கு வாய் பேச வராது.

விஷயம் தெரிந்தது அன்று பின்னேரம், வெறும் லொறியோடு திரும்பி ஏறும்போது. கொடி பிடித்த பிள்ளையை அங்கே காணவில்லை. கொஞ்சம் மேலே, மதில் கட்டும் இடத்தில் கல் சுமந்துகொண்டிருந்தாள். பார்க்காமல் பாதையைத் திறந்துவிட்டாள் என்று சுப்பவைசர் ஏசியிருக்கிறார். இறங்கிப் போய், "நான்தானே இல்லைன்னு சொன்னேன், வாங்க, அவர்கிட்ட நானே சொல்றேன்" என்றேன்.

"வேணாம் அண்ணே. கிளை வந்துச்சு, நான் தொறந்தேன். இனி ஒண்ணும் பேசாதீங்க, இருக்கிற வேலையும் போயிரும்."

அவள் சொன்னதைக் கேட்டு நான் லொறியில் ஏறிவிட்டேன். அவளுடைய நன்மைக்குத்தான் பேசாமல் வந்தேன் என்று அன்று இரவு நம்பினேன். இன்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பேசாமல் இருந்தது எனக்கும் வசதியாகத்தானே இருந்தது?

அந்த முச்சந்தியில் இன்னும் ஆள் இல்லை. ஒருவரைப் போட்டாலே போதும். இதை மட்டும் சுப்பவைசரிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டேன். தலையை ஆட்டினார்.

போன கிழமை அதே இடத்தில் கிளையைக் கொடுத்தபோது, கொடியோடு நின்ற சின்னப் பையன் அதே கேள்வியைக் கேட்டான். கண்ணாடியில் ஒன்றும் இல்லை. என்றாலும், "சரியாத் தெரியல்ல தம்பி, கொஞ்சம் பொறுத்துத் திற" என்றேன். லொறியை ஓரம் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் நான்கு நிமிடம் பொறுத்தான். மேலிருந்து ஒரு வண்டியும் வரவில்லை. காத்திருந்த வரிசையிலிருந்து இரண்டு மூன்று பேர் இறங்கிவந்து அவனைப் பிடித்து ஏசினார்கள். நான் சொன்னதைத்தான் அந்தப் பையன் செய்தான். என் பெயரை அவன் எடுக்கவே இல்லை.