இது போட்டிக்கா டீச்சர்?

மகாராஷ்டிரத்தில் உயர்நிலைப் பள்ளி டிராயிங் டீச்சருக்கு ஒரு பிடிமானம் உண்டு. மாநிலக் கலை இயக்குநரகம் எலிமெண்டரி, இன்டர்மீடியட் என்று இரண்டு ஓவியக் கிரேடு பரீட்சைகள் நடத்துகிறது. இன்டர்மீடியட்டில் ஏ கிரேடு வாங்கினால் பத்தாம் வகுப்பு எஸ்.எஸ்.சி. தேர்வில் 7 மதிப்பெண் கூடுதலாகச் சேரும். பி கிரேடுக்கு 5, சி கிரேடுக்கு 3. பெற்றோர் கூட்டத்தில் கணக்கு டீச்சரையும் சயின்ஸ் டீச்சரையும் பார்த்துவிட்டுக் கடைசியாக என் மேஜைக்கு வருகிற அப்பாக்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "ஏழு மார்க் வருமா டீச்சர்?"

அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. எங்கள் பள்ளி மும்பையில் சயான் பக்கம் இருக்கிறது. பிள்ளைகளில் பெரும்பாலோர் தாராவியிலிருந்து வருகிறார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து தாத்தா காலத்தில் வந்து தங்கிவிட்ட குடும்பங்கள் அதில் நிறைய. இங்கே பதினொன்றாம் வகுப்பு என்பது ஜூனியர் காலேஜ், அட்மிஷன் மெரிட் லிஸ்ட்டை வைத்துத்தான். ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் வீட்டுக்குப் பக்கத்துக் காலேஜ் கைவிட்டுப் போய், தினமும் ரயிலில் தொங்கிக்கொண்டு போக வேண்டி வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்த வீடுகளில் 7 மதிப்பெண் என்பது சின்ன விஷயம் இல்லை. அதனால் மார்க்குக்காக வரையாதே என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

ஆனால் பரிசு என்பது பிள்ளைகளின் கையை என்ன செய்கிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண். கிடைத்த இடத்தில் எல்லாம் வரைவாள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம், டெஸ்க்கின் ஓரம், மும்பை மாநகர 'பெஸ்ட்' பஸ் டிக்கெட்டின் பின்புறம். அவள் அம்மா வீட்டில் உட்கார்ந்து மாட்டுங்கா பூக்கடைகளுக்குப் பூ கட்டிக் கொடுப்பவர். அந்தக் கையைத்தான் இவள் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தாள். நாரை இழுத்துப் பிடிக்கும் விரல் எப்படி வளைகிறது, கட்டைவிரல் நகத்தில் பச்சைக் கறை எங்கே படிகிறது என்பதுவரை வரும். பதிமூன்று வயதில் கையை இப்படி வரைகிற பிள்ளைகள் அபூர்வம். கை என்றாலே முதுகுக்குப் பின்னால் மறைத்து வரைந்துவிடுவார்கள்.

அந்தச் சமயத்தில் பள்ளியில் 'மாதத்தின் சிறந்த ஓவியர்' என்று ஒரு பலகை வைத்தார்கள். தேர்ந்தெடுத்த படம், பக்கத்தில் வரைந்தவரின் போட்டோ. நல்ல எண்ணத்தில் ஆரம்பித்த காரியம்தான், சந்தேகமில்லை. முதல் மாதம் அவள் படம் வந்தது. அடுத்த மாதம் வேறொரு பையனின் இயற்கைக் காட்சி: இரண்டு மலை, நடுவில் சூரியன், ஆறு, தென்னை மரம், ஓட்டு வீடு. அதற்கு அடுத்த மாதம் வகுப்பில் பாதிப் பேர் இரண்டு மலையும் சூரியனும் வரைந்து கொண்டுவந்தார்கள். அந்தப் பெண்ணும்தான். மலைக்கு வண்ணம் சுத்தமாக அடித்திருந்தாள், பிசிறே இல்லை.

அப்புறம் அவளிடம் ஒரு புதுக் கேள்வி வந்தது. எதை வரையச் சொன்னாலும், பென்சிலை எடுப்பதற்கு முன்னால் கேட்பாள்: "இது போட்டிக்கா டீச்சர்?" இல்லை என்றால் பென்சில் மெதுவாகத்தான் நகரும். பஸ் டிக்கெட்டில் வரைவது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் கவனித்தபோது நின்றுபோயிருந்தது.

இதை 1973-லேயே மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு வளாகத்து நர்சரிப் பள்ளியில், தாமாகவே விரும்பி ஸ்கெட்ச் பேனாவால் வரைந்துகொண்டிருந்த மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் சிவப்பு ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் கிடையாது. ஒன்றிரண்டு வாரம் கழித்து, விருப்பப்படி விளையாடும் நேரத்தில் ஸ்கெட்ச் பேனாக்களைப் பரப்பி வைத்துவிட்டுத் தூர நின்று பார்த்தார்கள். பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள், மற்ற இரு பிரிவுப் பிள்ளைகள் வரைந்த நேரத்தில் கிட்டத்தட்டப் பாதிதான் வரைந்தார்கள். சான்றிதழுக்காக அவர்கள் வரைந்த படங்களும் தரத்தில் கொஞ்சம் குறைவாகவே இருந்தன.

இதைப் படித்துவிட்டுப் பரிசே கூடாது என்று சொல்லும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். நான் அப்படி நினைக்கவில்லை. எதிர்பாராமல் கிடைத்த சான்றிதழால் பிள்ளைகளின் ஆர்வம் குறையவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. இன்னொன்று, அவர்கள் பார்த்தது ஏற்கெனவே வரைவதில் ஆசை உள்ள பிள்ளைகளை. என் வகுப்பில் பென்சிலைத் தொடவே பயப்படுகிற பையன்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தாளுக்கு முன்னால் உட்கார வைக்க ஒரு ஸ்டார் ஸ்டாம்ப் உதவும் என்றால் தாராளமாகக் குத்துவேன். தானாக வரைகிற பிள்ளைக்கு மட்டும் குத்த மாட்டேன். அந்தப் பிள்ளை வரைந்ததை நிதானமாகப் பார்ப்பேன்.

நிதானமாகப் பார்ப்பது என்றால் என்ன என்று சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், "எனக்கு வராது டீச்சர்" என்று ஒவ்வொரு பீரியடும் சொல்வான். அவன் அப்பா விடிகாலையில் சைக்கிளில் இட்லி விற்கிறவர். மெமரி டிராயிங்குக்கு, அதாவது நினைவிலிருந்து வரைவதற்கு, 'காலை நேரத் தெரு' என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். கோச்சிங் கிளாஸ் போகிற பிள்ளைகள் மனப்பாடம் பண்ணி வைத்திருந்த பஸ் ஸ்டாப்பை வரைந்தார்கள்: இந்தப் பக்கம் குடை பிடித்த பெண், அந்தப் பக்கம் பை வைத்திருக்கும் ஆள், பின்னால் பஸ். தலைப்பு சந்தை என்றாலும் ரயில் நிலையம் என்றாலும் அதே ஆட்கள்தான் வருவார்கள். இவன் ஒரு சைக்கிளை மட்டும் வரைந்திருந்தான். இரண்டு சக்கரமும் கோணல். ஆனால் கேரியரில் அலுமினிய டப்பாவைக் கட்டியிருந்த விதம் அப்படியே இருந்தது. ரப்பர் டியூபைக் குறுக்கே இரண்டு சுற்றுச் சுற்றி, முனையைக் கைப்பிடிக்கு அடியில் செருகியிருந்தான்.

"சட்னி எதுல இருக்கும்?" என்று கேட்டேன்.

"ஹேண்டில்ல தொங்கும் டீச்சர், தூக்குல."

"தூக்கு எந்தப் பக்கம்?"

யோசித்தான். "தெரியல டீச்சர். நாளைக்குப் பார்த்துட்டு வர்றேன்."

மறுநாள் பிரேயர் மணி அடிப்பதற்கு முன்னாலேயே ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றான். "இடது பக்கம் டீச்சர். வலது பக்கம் ஹார்ன் இருக்கு. அப்பா அதை விடாம அமுக்கிட்டே போவார்." அன்றைக்கு நான் சூப்பர் என்றோ குட் என்றோ சொல்லவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. தாளை வாங்கிக்கொண்டு போய்த் தூக்கையும் ஹார்னையும் வரைந்தான். ஹார்ன் முன் சக்கரத்தில் பாதி அளவுக்கு இருந்தது. பெற்றோர் கூட்டத்தில் அந்தப் படத்தை அப்பாவிடம் காட்டினேன். "ஹார்ன் இவ்வளவு பெருசாவாடா இருக்கு?" என்றார். "சத்தம் பெருசுல்ல" என்றான் பையன். ஓவியம் படித்தவர்களுக்கு வருஷக்கணக்காகச் சொல்லிக் கொடுத்தும் பிடிபடாத விஷயம் அது.

அவனுக்குக் கடைசியில் இன்டர்மீடியட்டில் சி கிரேடு வந்தது, 3 மதிப்பெண். பரீட்சையில் வரும் ஜியோமெட்ரியும் லெட்டரிங்கும் (எழுத்துகளை அளவாக வரைவது) காலை வாரிவிட்டன. அந்தப் பெண்ணுக்கு ஏ கிரேடு. 7 மதிப்பெண் சேர்ந்ததால் அவள் கேட்ட காலேஜில் காமர்ஸ் கிடைத்தது, எனக்கு அதில் உண்மையாகவே சந்தோஷம். தெருவில் பார்த்தால் நின்று பேசுவாள். வரைகிறாயா என்று கேட்டால் நேரமில்லை டீச்சர் என்பாள். நேரம் இல்லாமல்தான் இருக்கும், பகுதி நேர வேலைக்கும் போகிறாள். ஆனாலும் பூ கட்டும் கையை வரைந்த அந்தப் பிள்ளையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

பள்ளிகளுக்கு இடையே நடக்கும் போஸ்டர் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறவர்கள் எல்லோரும் அழுகிற பூமியைப் பார்த்திருப்பார்கள். தலைப்பு தண்ணீரைச் சேமிப்போம் என்றாலும் மரம் வளர்ப்போம் என்றாலும், கண்ணும் வாயும் வைத்த பூமி உருண்டை, கன்னத்தில் இரண்டு சொட்டு நீலம். போன வருஷம் பரிசு வாங்கியது எதுவென்று பிள்ளைகளுக்குத் தெரியும், அதையே இன்னும் சுத்தமாக வரைகிறார்கள். தெரேசா அமபில் என்ற அமெரிக்க உளவியலாளர் 1982-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 7 முதல் 11 வயதுச் சிறுமிகள் காகிதம் ஒட்டிச் செய்த கொலாஜ் படங்களைப் பற்றியது. ஒரு குழுவிடம் நல்ல படத்துக்குப் பரிசு என்றார்கள், இன்னொரு குழுவிடம் பரிசு குலுக்கலில் என்றார்கள். எந்தப் படம் எந்தக் குழுவுடையது என்று தெரியாத ஓவியர்கள் பார்த்துச் சொன்னதில், போட்டிக்காகச் செய்தவற்றில்தான் கற்பனை குறைவு. பரிசைத் தோற்றுவிடக் கூடாது என்ற பயம் வந்துவிட்டால், பிள்ளை தெரிந்த மலையைத்தான் வரையும்.

சரி, வேறு எது பிள்ளைகளை இழுக்கிறது? என் அனுபவத்தில், நிஜமாகத் தேவைப்படுகிற வேலை. பொங்கலுக்குத் தாராவியின் 90 அடி சாலையில் பெண்கள் வரிசையாக அடுப்பு வைத்துப் பொங்குவார்கள். அந்த வாரத்தில் எங்கள் பிள்ளைகளிடம் தெருவுக்குப் பெயர்ப்பலகை, கோலத்துக்கு மாதிரி என்று யாராவது கேட்டு வருவார்கள். வகுப்பில் லெட்டரிங் என்றாலே முகம் சுளிக்கும் பையன்கள், தங்கள் தெருப் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் ஒரே உயரத்தில் வர வேண்டும் என்று ஸ்கேலும் கையுமாக உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் பார்க்கலாம். அங்கே யாரும் கிரேடு போடுவதில்லை. எழுத்து கோணினால் தெருவே சொல்லிவிடும்.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒன்பதாம் வகுப்பை சயான் ஸ்டேஷனில் ஏற்றி சி.எஸ்.எம்.டி. என்ற சத்ரபதி சிவாஜி மகராஜ் ரயில் முனையத்துக்குக் கூட்டிப்போகிறேன். தினமும் லட்சக்கணக்கானவர்கள் நிமிர்ந்து பார்க்காமல் கடந்துபோகும் கட்டடம். 1888-ல் கட்டி முடித்தார்கள். அதன் கல்லில் இருக்கும் இலைகளும் பறவைகளும் விலங்குகளும் பக்கத்திலேயே இருக்கும் ஜே.ஜே. ஓவியப் பள்ளி மாணவர்கள் செய்தவை. இதைச் சொன்னதும் பிள்ளைகள் முதலில் நம்ப மாட்டார்கள். "ஸ்டூடண்ட்ஸா டீச்சர்?" ஆமாம், மாணவர்கள்தான். 1857-ல் ஆரம்பித்த பள்ளி அது, நடந்தே போய்விடலாம் என்று காட்டுவேன். கொஞ்ச நேரம் தூணுக்குத் தூண் ஓடித் தேடுவார்கள். அணில் எங்கே, குரங்கு எங்கே என்று போட்டி போட்டுக்கொள்வார்கள். இந்தப் போட்டியில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அப்புறம் நோட்டைத் திறந்து ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துவிடுவார்கள். அந்த நோட்டுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. பக்கத்தின் அடியில் பென்சிலால் ஒரு கேள்வி மட்டும் எழுதுவேன்: இந்த இலை கல்லிலிருந்து எவ்வளவு வெளியே நிற்கிறது? நிழல் எந்தப் பக்கம் விழுந்தது?

நேரமிருந்தால் காலா கோடா வரை போய் ஜஹாங்கீர் கலைக்கூடம். 1952-லிருந்து இருக்கிறது, உள்ளே போகக் கட்டணமில்லை. பிள்ளைகளுக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே நடைபாதையில் படம் வைத்து விற்கும் ஓவியர்களைத்தான் அதிகம் பிடிக்கும். பக்கத்தில் நின்று கேள்வி கேட்கலாம். ஒருமுறை ஒரு பையன் அங்கிருந்த ஓவியரிடம், இந்த ஆரஞ்சு எப்படி வந்தது என்று இந்தியில் கேட்டுவிட்டான். அவர் தட்டை எடுத்துக் கலந்தே காட்டினார். திரும்பி வரும்போது ரயில் முழுக்க அந்த ஆரஞ்சு பற்றியே பேச்சு.

ஆண்டு விழாவில் ஓவியத்துக்கென்று மூன்று கோப்பைகள் கொடுப்பது எங்கள் பள்ளி வழக்கம். அந்தப் பணத்தில் தாளும் வண்ணமும் வாங்கி எல்லோருக்கும் பொதுவாக வைக்கலாம் என்று ஹெட்மிஸ்ட்ரஸிடம் கேட்டேன். நல்ல தாளில் வரைகிற பிள்ளைக்குக் கையே வேறு மாதிரி ஓடும். "அப்பா அம்மா மேடையில போட்டோ எடுக்கணுமே டீச்சர்" என்றார். அதுவும் நியாயம்தான். பெயர் கூப்பிட்டு மேடையேறுவது சில வீடுகளில் பல வருஷம் சொல்லிச் சொல்லி மகிழும் விஷயம். அதனால் கோப்பைகளைச் சின்னதாக்கிக்கொண்டு மிச்சப் பணத்தை எனக்குத் தருவதாகப் பேசியிருக்கிறோம். 'மாதத்தின் சிறந்த ஓவியர்' பலகையில் இனிமேல் போட்டோ இல்லாமல், தேர்வும் இல்லாமல், பத்து பத்துப் படமாக மாற்றி மாற்றி எல்லோருடையதையும் ஒட்டுவது என்றும் முடிவு. கிராஃபோர்ட் மார்க்கெட் பக்கத்து மொத்தக் கடையில் போஸ்டர் கலருக்கும் 6-ம் நம்பர் பிரஷ்ஷுக்கும் விலை கேட்டு வைத்திருக்கிறேன். வரைவதற்கான கெட்டியான கார்ட்ரிட்ஜ் தாளை மட்டும் மழை தொடங்கும் முன் வாங்கிவிட வேண்டும். ஜூலையில் வாங்கினால் அலமாரியிலேயே ஈரம் ஏறிவிடும்.