நானூறு பேர்

மார்ச் 4

ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸின் நூலில் கி.பி. 61-ஆம் ஆண்டுப் பகுதியைப் படிக்கிறேன். ரோம் நகர நிர்வாகத்தின் தலைவர் பெடானியஸ் செகுண்டஸை அவருடைய அடிமை ஒருவனே கொன்றுவிட்டான். விடுதலைக்கு விலை பேசிவிட்டு எஜமானர் பின்வாங்கியிருக்கலாம். காதல் போட்டியாகவும் இருக்கலாம். காரணம் எதுவானால் என்ன? அந்தக் கூரையின் கீழ் இருந்த அடிமைகள் அத்தனை பேரையும் கொல்ல வேண்டும் என்பது பழைய வழக்கம். அந்த வீட்டில் 400 பேர்.

மார்ச் 5

இன்று செனட் விவாதம். காயஸ் காசியஸ் லோங்கினஸ் சாதாரண ஆள் இல்லை, அந்தக் காலத்தின் பெரிய சட்ட அறிஞர். அவர்தான் 400 பேரும் சாக வேண்டும் என்று வாதாடுகிறார். அச்சம் ஒன்றுதான் அடிமைகளை அடக்கி வைக்கும் என்கிறார். குற்றமற்றவர்கள் சாவார்களே என்றால், அதற்கும் பதில் வைத்திருக்கிறார்: தோற்றோடிய படையில் பத்துக்கு ஒருவனைத் தடியால் அடித்துக் கொல்லும்போது வீரனுக்கும்தானே சீட்டு விழுகிறது? பெரிய தண்டனை எதிலும் கொஞ்சம் அநீதி இருக்கும், பொதுநலன் அதை ஈடுசெய்துவிடும் என்கிறார்.

எனக்கு வயிறு எரிகிறது. அநீதி என்று தெரியாமல் பேசியிருந்தால் மன்னிக்கலாம். தெரிந்தே, அதைக் கணக்கில் எழுதிக் கழித்துவிடுகிறார். எதிர்த்து எழுந்து பேச ஒருவருக்கும் துணிவில்லை. பெண்கள், சிறுவயதினர் என்று அங்கங்கே முனகல்கள் மட்டும்.

மார்ச் 8

சட்டம் படிக்காத ஜனங்கள் கல்லும் தீப்பந்தமுமாகத் தெருவில் திரண்டு நின்றார்கள். பேரரசன் நீரோ அவர்களைக் கண்டித்து ஆணையிட்டு, கொலைக்களம் வரை வழியெங்கும் படைவீரர்களை நிறுத்தினான். 400 பேரும் அந்த வழியாகத்தான் கொண்டுபோகப்பட்டார்கள். அந்த வீட்டிலிருந்த விடுதலை பெற்ற அடிமைகளையும் இத்தாலியை விட்டுத் துரத்த வேண்டும் என்று ஒரு செனட்டர் கேட்டாராம்! அதை மட்டும் நீரோ மறுத்துவிட்டான்.

மார்ச் 9

அப்போது நீரோவின் ஆலோசகர் தத்துவஞானி செனெகா. இந்த விவாதத்தில் அவர் பெயரே வரவில்லை. பிறகு நண்பர் லூசிலியஸுக்கு எழுதிய 47-ஆம் கடிதத்தில், எத்தனை அடிமைகளோ அத்தனை பகைவர்கள் என்ற பழமொழியைக் கண்டிக்கிறார்: அவர்கள் பகைவர்களாக வரவில்லை, நாம்தான் ஆக்குகிறோம். காசியஸுக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. செனட்டில் யாராவது எழுந்து சொல்லியிருக்க வேண்டிய பதில். அடுத்த நூற்றாண்டில், பேரரசன் ஹேட்ரியன் காலத்தில்தான், எஜமானர் கொலையுண்டால் எல்லா அடிமைகளையும் விசாரிக்கக் கூடாது, சத்தம் கேட்கும் தொலைவில் இருந்தவர்களை மட்டும் விசாரிக்கலாம் என்று வரம்பு வந்தது. அந்த விசாரணையும் சித்திரவதைதான்.