கார்டு எண்ணில் இடைவெளி விட்டால் என்ன குற்றம்?

கார்டில் எண்ணை நான்கு நான்காகப் பிரித்துத்தான் அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து அடிக்கிறவரும் இடைவெளி விட்டுத்தான் அடிப்பார். அடித்ததைச் சரிபார்க்கும்போதும் கண் நான்கு நான்காகத்தான் போகும். ஆனால் பணம் கட்டும் பக்கங்கள் பலவற்றில் இடைவெளி விட்ட உடனே ‘எண்கள் மட்டும்’ என்று சிவப்பில் வந்து நிற்கிறது. இடைவெளியை நீக்க சர்வரில் ஒரே ஒரு வரி போதும். அந்த வரியை யாரோ எழுதாமல் விட்டதால், அந்தப் பக்கத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் கர்சரை நகர்த்தி நகர்த்தி அழித்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த ஃபார்மைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: கணினி செய்ய வேண்டிய எந்த வேலை ஆளின் தலையில் கட்டப்பட்டிருக்கிறது?

சத்தமில்லாமல் நடக்கும் தவறு இதைவிட மோசம். கட்டத்துக்கு மேக்ஸ்லெங்த் (அதிகபட்ச எழுத்து எண்ணிக்கை) 16 என்று வைத்திருப்பார்கள். 16 இலக்க எண்ணை இடைவெளியோடு காப்பி செய்தால் மொத்தம் 19 எழுத்து. பேஸ்ட் செய்யும்போது பிரௌசர் முதல் 16 எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடும். அந்த 16-ல் மூன்று இடைவெளி. ஆக, உள்ளே போனது 13 இலக்கம். வெட்டியதற்கு எந்த அறிவிப்பும் வராது. பிறகு ‘கார்டு எண் தவறு’ என்று வந்தால் பாவம், அவர் தன் கார்டைத்தான் சந்தேகப்படுவார்.

கார்டு என்றாலே 16 இலக்கம் என்று எடுத்துக்கொள்வதும் சரியில்லை. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டில் 15 இலக்கம், அதுவும் 4-6-5 என்று பிரிந்திருக்கும். கார்டு எண்களுக்கான ஐஎஸ்ஓ 7812 தரத்தில் 19 இலக்கம் வரை இடமுண்டு. எனவே நீளக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். எப்படி அடித்தாலும் வாங்கிக்கொண்டு, இடைவெளியையும் இடைக்கோட்டையும் நீக்கிவிட்டு, மிஞ்சிய இலக்கங்களில் லூன் சோதனையை ஓட்டுங்கள். ஐபிஎம்மில் வேலை பார்த்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1960-ல் காப்புரிமை பெற்ற முறை இது. வலப்பக்கக் கடைசி இலக்கத்தை அப்படியே விட்டு, அங்கிருந்து இடப்பக்கமாக ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிப்பாக்க வேண்டும். 9-ஐத் தாண்டினால் 9-ஐக் கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் 10-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். ஒரே ஒரு இலக்கம் தவறினால் நிச்சயம் பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடித்துவிடும். 09, 90 ஆகவோ 90, 09 ஆகவோ மாறுவது மட்டும் தப்பிவிடும். வங்கிவரை போய்த் திரும்பாமலே அடித்த பிழையைச் சொல்லிவிட இது போதும்.

எண் கட்டம் என்றவுடன் பலர் கட்டத்தின் வகையை டைப் நம்பர் என்று எழுதிவிடுகிறார்கள். அது அளவுக்கான கட்டம், அடையாள எண்ணுக்கானதல்ல. கட்டத்தில் கர்சர் இருக்கும்போது மேல் அம்புக்குறியை அழுத்தினால் மதிப்பு ஒன்று கூடும். சில பிரௌசர்களில் மவுஸ் சக்கரத்தை உருட்டினாலே மாறிவிடும். அறிவியல் குறியீட்டு முறைக்காக ‘ஈ’ (e) என்ற ஆங்கில எழுத்தையும் அது ஏற்றுக்கொள்ளும். உள்ளே இருப்பது செல்லாத எண் என்றால் பக்கத்தை இயக்கும் ஸ்கிரிப்டுக்கு வெற்று மதிப்பைத் தரும். ஆகவே ‘இந்தக் கட்டம் காலி’ என்ற செய்தி வரும், கண்ணுக்கோ கட்டம் நிரம்பித்தான் இருக்கும். இரண்டு எண்களைக் கூட்டிப் பார்ப்பதில் பொருள் இருந்தால் டைப் நம்பர் வைக்கலாம். கார்டு எண், அஞ்சல் குறியீடு, கணக்கு எண் போன்றவற்றைக் கூட்டி யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவற்றுக்கு டைப் டெக்ஸ்ட் (எழுத்துக் கட்டம்), இன்புட்மோட் நியூமெரிக் (எண் கீபோர்டைக் கேட்கும் குறிப்பு). மொபைலில் எண் கீபோர்டும் வரும், மேற்சொன்ன எதுவும் நடக்காது. தொலைபேசிக்கு டைப் டெல்.

இன்னொரு சின்ன விஷயம்: கட்டத்தின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் சஃபாரி கட்டத்தைத் தொட்டதும் பக்கத்தையே பெரிதாக்கிவிடும். அதைத் தடுக்கப் பெரிதாக்கும் வசதியையே முடக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்பார்வை குறைந்தவருக்கு அது கதவைச் சாத்துவதுபோல. எழுத்தை 16 பிக்சலாக்கினால் பிரச்சினையே இல்லை.

ஓடிபி கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். இலக்கத்துக்கு ஒன்றாக ஆறு பெட்டி வைப்பது இப்போது எங்கும் பரவிவிட்டது. பார்க்க அழகுதான். ஆனால் உள்ளே ஆறு தனிக் கட்டங்கள். பேஸ்ட் செய்தால் முதல் பெட்டியில் ஒரே ஒரு இலக்கம் உட்காரும். அதைப் பிரித்துப் போட ஸ்கிரிப்ட் வேண்டும், பின்னால் வந்து அழிக்க இன்னொரு ஸ்கிரிப்ட், நடுவில் ஒன்றைத் திருத்த மேலும் ஒன்று. திரையைப் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பவர் பெயரில்லாத கட்டம் ஆறைத் தாண்டிப் போக வேண்டும். ஒரே கட்டம் வையுங்கள். இன்புட்மோட் நியூமெரிக், ஆட்டோகம்ப்ளீட் ஒன்-டைம்-கோட் (இது ஓடிபிக்கான கட்டம் என்று பிரௌசருக்குச் சொல்லும் குறிப்பு). பெட்டி தோற்றம் வேண்டுமானால் எழுத்திடைவெளியைக் கூட்டிக்கொள்ளலாம். 2018-ல் வந்த, ஐபோனின் ஐஓஎஸ் 12 முதல் எஸ்எம்எஸ்ஸில் வந்த எண்ணைக் கீபோர்டின் மேலேயே காட்டுகிறார்கள். ஒரு தட்டில் நிரம்பிவிடும். ஆறு பெட்டியில் இது பல நேரம் தடுக்கி விழுகிறது.

ஓடிபியில் பெரும் எரிச்சல் வருவது ‘மீண்டும் அனுப்பு’ பட்டனில்தான். முதல் செய்தி தாமதமாகிறது; பயனர் மீண்டும் அனுப்பச் சொல்கிறார்; சர்வர் பழைய எண்ணைச் செல்லாததாக்கிப் புதிதாக ஒன்றை அனுப்புகிறது. அந்த நொடியில் பழைய செய்தி வந்து சேர்கிறது. அவர் அதை அடிக்கிறார், ‘தவறான ஓடிபி’ என்று வருகிறது, மறுபடி அனுப்பச் சொல்கிறார். எண்ணைச் சரியாகத்தான் அடித்தார். ஆனாலும் மூன்று முறை தவறினார் என்று கணக்கு பூட்டப்படுகிறது. தீர்வு எளிது: காலாவதியாகாதவரை அதே எண்ணையே மறுபடி அனுப்புங்கள். பாதுகாப்புக் குழு அதற்கு ஒப்பவில்லை என்றால், அனுப்பிய இரண்டையும் அந்தக் காலத்துக்குள் ஏற்றுக்கொள்ளுங்கள். தவறான முயற்சிகளுக்கு வரம்பு இருக்கும்வரை இதனால் பாதுகாப்பு பெரிதாகக் குறையாது.

பாஸ்வேர்டு கட்டத்தில் பேஸ்ட்டைத் தடுப்பதையும் இன்னும் பார்க்க முடிகிறது. பாஸ்வேர்டு மேனேஜரில் நீளமான, கணிக்க முடியாத பாஸ்வேர்டு வைத்திருப்பவரைத் தடுத்து, கையால் அடிக்கச் சுலபமான ஒன்றுக்கு இறங்கிவரச் செய்வதுதான் இதன் பலன். 2023 அக்டோபரில் வெளியான, மாற்றுத்திறனாளிகளும் வலைப்பக்கங்களைப் பயன்படுத்த வழிசெய்யும் டபிள்யூசிஏஜி 2.2 அணுகல் விதிகளில், லாகின் செய்யும் இடத்தில் ஒருவரின் நினைவாற்றலையோ பார்த்தெழுதும் திறனையோ மட்டுமே நம்பக் கூடாது என்று 3.3.8-ம் விதி சொல்கிறது. பேஸ்ட்டைத் தடுத்து, வேறு வழியும் வைக்காத பக்கம் அந்த விதியில் தோற்றுப்போகும்.

பெயர்க் கட்டத்துக்கு வருவோம். ஆங்கில எழுத்தை மட்டும் ஏற்கும் ரெஜெக்ஸை (எந்த எழுத்து செல்லும் என்று வடிகட்டும் விதியை) எடுத்துவிட்டு, ‘யூனிகோடில் எழுத்து என்று வகைப்படுத்தியதெல்லாம் செல்லும்’ என்று மாற்றினால் எல்லா மொழியும் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வராது. ‘தமிழ்’ என்று அடித்துப் பாருங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடு: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. இதில் கொக்கியும் புள்ளியும் ‘எழுத்து’ வகையில் இல்லை, ‘குறி’ என்ற தனி வகையில் இருக்கின்றன. எழுத்து வகையை மட்டும் அனுமதித்த ரெஜெக்ஸ் மூன்றாவது குறியீட்டிலேயே தள்ளிவிடும். இரண்டு வகையையும் சேர்க்க வேண்டும். கூடவே இடைவெளி, முற்றுப்புள்ளி, இடைக்கோடு, மேற்கோள் குறி. நீளத்திலும் இதே சிக்கல். யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். பெயரின் நீள வரம்பு 50 என்று வைத்து, டேட்டாபேஸ் அதைப் பைட் கணக்கில் எடுத்துக்கொண்டால் 16 குறியீடுதான் அடங்கும். ஒரு நடுத்தரப் பெயரே அதைத் தாண்டிவிடும். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டாயக் கட்டம் வைப்பதையும் விட்டுவிடலாம். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் இரண்டாவதில் ஒரு புள்ளியை வைத்துவிட்டுப் போகிறார்கள், அந்தப் புள்ளி பிறகு ஆவணங்களில் அச்சாகிறது. ‘முழுப்பெயர்’ என்று ஒரே கட்டம் போதும்.

பிறந்த தேதிக்கு நாட்காட்டி வேண்டாம். இந்த மாதத்தில் திறந்து, மாதம் மாதமாகப் பின்னால் போகச் சொல்லும் நாட்காட்டியில் நாற்பது வயதுக்காரர் 480 முறை அழுத்த வேண்டும். நாள், மாதம், ஆண்டு என்று மூன்று சின்னக் கட்டங்களே வேகமானவை.

பிழையை எப்போது சொல்வது என்பதில் பொறுமை வேண்டும். மின்னஞ்சலின் முதல் எழுத்தை அடித்ததுமே ‘தவறான முகவரி’ என்று கத்தக் கூடாது. கட்டத்தைவிட்டு வெளியேறிய பிறகு சொல்லுங்கள். ஆனால் ஒருமுறை சொல்லிவிட்டால், அவர் திருத்திக்கொண்டிருக்கும்போது சரியான அந்தக் கணத்திலேயே சிவப்பை எடுத்துவிடுங்கள். செய்தி கட்டத்தை ஒட்டியே இருக்கட்டும். ஏரியா-டிஸ்கிரைப்ட்பை என்ற குறிப்பு வழியாகக் கட்டத்தோடு இணைத்து, தவறு என்று காட்டும் ஏரியா-இன்வேலிட் போட்டால் ஸ்கிரீன் ரீடரும் படித்துக் காட்டும். ‘தவறான உள்ளீடு’ என்பதால் யாருக்கும் எதுவும் தெரியாது. ‘மாதம் 1 முதல் 12-க்குள் இருக்க வேண்டும், நீங்கள் அடித்தது 14’ என்றால் நாளும் மாதமும் இடம் மாறியது அவருக்கே புரிந்துவிடும்.

எல்லாம் சரியாகும்வரை சமர்ப்பிக்கும் பட்டனை மங்கலாக்கி முடக்கிவைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. எது குறைகிறது என்று அந்தப் பட்டன் சொல்லாது. அழுத்த விடுங்கள், அழுத்தியதும் முதல் பிழையுள்ள கட்டத்துக்குக் கொண்டுபோங்கள். அடித்த எதையும் அழிக்காதீர்கள்.

நீண்ட ஃபார்மில் செஷன் (லாகின் செல்லும் காலம்) முடிந்துபோவதற்கும் இதே மரியாதை தேவை. முடியும் முன் எச்சரித்து, ஒரு பட்டனைத் தட்டி நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 வினாடி தர வேண்டும் என்று டபிள்யூசிஏஜி கேட்கிறது. ஸ்கிரீன் ரீடரில் அந்த எச்சரிக்கையைக் கேட்டு முடிக்கவே சில வினாடி போகும் என்பதால், நான் இரண்டு நிமிடம் தரச் சொல்வேன். அதையும் மீறி முடிந்துவிட்டால், அடித்தவற்றைச் சர்வரில் வரைவாக வைத்திருந்து, அவர் மறுபடி லாகின் செய்ததும் விட்ட கட்டத்திலேயே திறக்க வேண்டும். கார்டு எண்ணையும் பாஸ்வேர்டையும் மட்டும் அந்த வரைவில் சேர்க்கக் கூடாது.