அறிக்கை வருமுன் சொன்ன வார்த்தை

"புத்துநோய் இல்ல ஆயா, பயப்படாதீங்க." இதை அன்று நான் சொல்லியிருக்கலாமா என்று இன்னும் யோசிக்கிறேன். கட்டியை அப்போது வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பவே இல்லை.

ஆயாவின் முன்கையில், முழங்கைக்குச் சற்றுக் கீழே, பட்டாணி அளவுகூட இல்லாத முடிச்சு. சேலை உரசினாலே துடித்துப்போவார். ஜூன், ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பக்கம் சார்டின் மீன் வரும்போது, மகன் கடையில் ஐஸில் கை வைத்தால் வலி தோள்வரை ஏறும். பல வருஷமாக வாத மாத்திரைதான். வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறார் என்று வீட்டில் பேச்சு வேறு.

கடும் வலி, குளிர் பட்டால் கூடுவது, ஒரே புள்ளியில் குத்துவது: இம்மூன்றும் நகத்தடியில் இருந்தால் குளோமஸ் கட்டி என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள். உடல் வெப்பத்தைச் சீராக்கும் நுண்ணிய ரத்தக்குழாய் அமைப்பில் வளர்வது அது. விரல் நுனியில்தான் அதிகம். முன்கையில் யாரும் தேடுவதில்லை. நீலமாகத் தெரியும் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஆயாவின் கறுத்த தோலில் அப்படி எதுவும் தெரியவில்லை.

குண்டூசித் தலையால் சுற்றிலும் அழுத்தினேன், பேசாமல் இருந்தார். அந்தப் புள்ளியைத் தொட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு மேல்கையில் பிரஷர் பட்டையைக் கட்டி, காற்றடைத்து ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு, மறுபடி அழுத்தினேன். ரத்தம் நின்றால் குளோமஸ் கட்டியின் வலி பொதுவாக அடங்கிவிடும்.

"இப்ப வலிக்கல தம்பி!"

"புத்தா டாக்டர்?" என்று மகன் கேட்டார். நான் ஆயாவைப் பார்த்துப் பதில் சொன்னேன்.

சொன்னதற்குக் காரணம் இருந்தது. குளோமஸ் கட்டி புற்றாவது மிக அபூர்வம். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல், ஆழத்தில் இருந்தால்தான் சந்தேகம் வரும். இது சிறியது, தோலை ஒட்டியது. ஆனால் வலிக்கிற கட்டிகள் வேறும் உண்டு, வலி இருப்பதாலேயே அது சாது என்றும் ஆகாது. முடிவு சொல்ல வேண்டியது நுண்ணோக்கிதான். பின்னால் கட்டியை எடுத்துப் பார்த்த அறிக்கையும் நான் சொன்னபடியே வந்தது: ரத்தக்குழாய்களைச் சுற்றி ஒரே சீரான உருண்டைச் செல்கள். அதனால் மட்டும் அன்று நான் பேசியது சரியாகிவிடுமா?

என்னை உறுத்துவது ஆயா சொன்ன பதில். "அது கெடக்கட்டும் தம்பி. எனக்கு வலி நெசந்தான்னு இவன்கிட்ட சொல்லுங்க."

அதைச் சொல்ல எந்த அறிக்கையும் வேண்டியதில்லை. குண்டூசியும் பட்டையுமே போதும். அதை முதலில் சொல்லாமல், உறுதியாகத் தெரியாததைச் சொல்லி ஆறுதல் தேடியது ஆயாவுக்காகவா, எனக்காகவா?

இப்போதெல்லாம் அறிக்கை கைக்கு வராமல் 'புற்று இல்லை' என்று யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் அந்த மகன் முகத்தோடு இன்னொருவர் வந்து நின்றால், வாயைக் கட்டிக்கொண்டிருப்பேனா என்பது சந்தேகம்தான்.