ஆடிக் காற்றில் ஏரி: விண்ட்சர்ஃபிங் செய்பவர்களுக்குச் சில கணக்குகள்

கடலில் விண்ட்சர்ஃபிங், அதாவது பாய் பொருத்திய பலகையில் நின்று காற்றில் ஓடுவது, பழகியவர்கள் ஏரியைக் குறைவாக எடைபோட்டு விடுகிறார்கள். ‘ஏரித் தண்ணிதானே’ என்று பலத்த காற்றில் இறங்கினால் பத்தே நிமிடத்தில் முழங்கால் பதில் சொல்லிவிடும். ஏரி அலை அவ்வளவு உயராது. ஆனால் நெருக்கமாக வரும்.

அலையை வளர்ப்பவை மூன்று: காற்றின் வேகம், அது வீசும் நேரம், தண்ணீர்மேல் அது தடையில்லாமல் ஓடிவரும் தூரம். 25 நாட் காற்று, அதாவது மணிக்குச் சுமார் 46 கி.மீ., 5 கி.மீ. திறந்த நீரில் ஒரு மணி நேரம் அடித்தால் அரை மீட்டருக்குச் சற்று மேலான அலை எழும். ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் 3 விநாடிதான் இடைவெளி. முகட்டுக்கு முகடு 15 மீட்டருக்குள் இருக்கும். ஆழம் குறைந்த ஏரியில் உயரம் கொஞ்சம் அடங்கும், நெருக்கம் கூடும். 490 கி.மீ. நீளமுள்ள மிச்சிகன் ஏரியில் புயல்நாளில் பல மீட்டர் அலை எழுவதும் இதே கணக்கில்தான்; ஓடிவரும் தூரம் அங்கே அத்தனை அதிகம்.

நம் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்தில் இந்தக் கணக்கை ஓரளவு பொருத்திப் பார்க்கக்கூடிய ஏரி காவேரிப்பாக்கம்தான். மூன்றாம் நந்திவர்ம பல்லவன் காலத்து ஏரி. பாலாறு அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. இங்கே முதலில் பார்க்க வேண்டியது கரையை. வட ஆற்காட்டில் நிலம் பொதுவாகக் கிழக்கே சரிகிறது. அதனால் பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்குப் பக்கம் வளைந்து கிடக்கும். ஆடிக் காற்றோ மேற்கிலிருந்து வருகிறது. அலை நேராகக் கரையில் மோதும். ஏரிக்கரையின் உட்புறம் அலைகல் பதித்திருப்பது இதற்காகத்தான்.

கருவி உடைந்தால் காற்று உங்களைக் கரைக்கே கொண்டுவரும், அது நல்லது. ஆனால் வந்து சேரும் இடம் கல். பாயைத் தாங்கும் கார்பன் இழைக் கம்பமான மாஸ்ட் கல்லில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், விரிசல் விட்டுவிடும். மோதிய அலை திரும்பி வந்து வரும் அலையோடு கலப்பதால் கரையோரத் தண்ணீர் எந்த ஒழுங்கும் இல்லாமல் கொதிக்கும். எனவே கரைக்கு 100 மீட்டர் முன்பே திரும்பிவிடுங்கள். இறங்குவதற்குக் கரையின் நடுப்பகுதி வேண்டாம். கரை முடிகிற முனையில், காற்று குறுக்கே வீசும் இடத்தில் இறங்குங்கள். மதகு, கலங்கல் பக்கம் போகவே கூடாது.

இன்னொரு சங்கடம் பருவம். ஏரி நிரம்புவது ஐப்பசி, கார்த்திகையில். காற்று வருவது ஆடியில். அதற்குள் பாசனத்துக்குப் போனது போக எஞ்சிய தண்ணீரின் அடியில் கருவேல மரத்தின் அடிக்கட்டைகள், மண் எடுத்த பள்ளங்கள், மீன்வலைகள் எல்லாம் இருக்கும். போர்டின் அடியில் துருத்தி நிற்கும் 25 செ.மீ. ஃபின் கட்டையில் மாட்டினால் போர்டு நின்றுவிடும், நீங்கள் நிற்கமாட்டீர்கள். போகும் தடத்தை முதல்நாளே நடந்தோ பரிசலிலோ பாருங்கள். மீன் குத்தகைக்காரரிடம் வலை எங்கே என்று கேளுங்கள். நீர்வளத்துறையிடம் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி கருவி. காற்றின் வேகம் இரட்டித்தால் பாயின்மேல் விசை நான்கு மடங்காகும். 75 கிலோ எடையுள்ளவருக்கு 20 நாட் காற்றில் 5.0 சதுர மீட்டர் பாய், 25 நாட் காற்றில் 4.2 முதல் 4.5, 30 நாட் காற்றில் 3.7 போதும். போர்டு 85 முதல் 95 லிட்டர். நன்னீர் கடல்நீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி குறைந்தது. 90 லிட்டர் போர்டு ஏரியில் இரண்டு கிலோவுக்கு மேல் குறைவாகவே தாங்கும். கடலில் எல்லைக்கோட்டில் மிதக்கிற போர்டு இங்கே மூழ்கும்.

பெரும்பாலானோர் தவறுவது டவுன்ஹாலில், அதாவது பாயை மாஸ்ட்டின் அடியை நோக்கிக் கீழே இழுக்கும் கயிற்றில். காற்று பலமாக இருக்கும்போது அதை நன்றாக இழுக்க வேண்டும். பாயின் மேல்பகுதியில், பின் விளிம்பு தொளதொளவென்று தளர்ந்து தெரியும்வரை இழுங்கள். இழுக்காமல் விட்டால் பாயின் விசை மேலேயும் பின்னேயும் நகர்ந்துவிடும். ஒவ்வொரு காற்று வீச்சுக்கும் பின்கை பிய்ந்துபோகும். ‘பாய் பெரிசு’ என்று புலம்புகிறவர்களின் பாயைப் பார்த்தால் பாதிப் பேருக்கு டவுன்ஹால்தான் குறை. பாயின் பின்முனையை இழுத்துக் கட்டும் கயிறான அவுட்ஹாலையும் ஒன்றிரண்டு செ.மீ. கூட இழுத்துத் தட்டையாக்குங்கள். கையால் பிடிக்கும் குறுக்குத் தண்டான பூமை இரண்டு செ.மீ. இறக்குங்கள். மாஸ்ட் அடியைச் சற்று முன்னே தள்ளினால் போர்டின் மூக்கு அடங்கி ஓடும். மிகவும் தள்ளினால் அடுத்த அலையில் குத்தும். கால்பட்டையில் பாதிப் பாதம் மட்டும் நுழைய வேண்டும். விழும்போது கால் கழன்று வராவிட்டால் கணுக்கால் முறியும்.

ஓட்டும்போது முழங்கால் மடிந்தே இருக்கட்டும், எடை, இடுப்பில் கட்டிப் பூமில் மாட்டும் ஹார்னஸில் தொங்கட்டும். போர்டின் மூக்கு முன்னலையின் முதுகில் குத்தினால் போர்டு நின்றுவிடும், பாய் இழுத்துக்கொண்டே போகும், நீங்கள் மாஸ்ட்டுக்கு மேலே பறந்து விழுவீர்கள். அலை தெரிந்ததும் பின்கையைச் சற்றுத் தளர்த்தி எடையைப் பின்காலுக்கு மாற்றுங்கள். குதித்து இறங்கும்போது பின்காலைப் பக்கவாட்டில் உதைத்தால் ஃபினைச் சுற்றிக் காற்று புகுந்து பிடி விட்டுவிடும். வால் பக்கவாட்டில் வழுக்கும். அப்போது இன்னும் உதைக்காமல், குதிகாலை உடலுக்கு அடியில் இழுத்து ஒரு நொடி அழுத்தத்தைக் குறைத்தால் ஃபின் மறுபடி பிடிக்கும்.

வாட்டர்ஸ்டார்ட், அதாவது தண்ணீரில் இருந்தபடியே பாயில் காற்றைப் பிடித்துப் போர்டில் எழுவது, தெரியாதவர் இந்தக் காற்றில் இறங்கவே கூடாது. இந்த அலையில் போர்டில் நின்று கயிற்றால் பாயைத் தூக்க முடியாது. மார்பளவுத் தண்ணீரில் பழகுங்கள்: மாஸ்ட்டைக் காற்றுக்குக் குறுக்காகத் திருப்பி, காற்று வரும் பக்கம் நின்று, அதைத் தலைக்குமேல் தூக்கி, அடியில் காற்று புகவிட்டு, பூமைப் பிடித்துப் பின்காலைப் போர்டில் வையுங்கள். அலை உங்களை ஏந்தும் நொடியில் எழுந்தால் பாதி வேலையை அதுவே செய்துவிடும்.

ஏதாவது உடைந்தால் போர்டை விட்டு நீந்தாதீர்கள். மிதக்கும் போர்டு தூரத்திலிருந்தும் தெரியும், தலை தெரியாது. இரு கைகளையும் பக்கவாட்டில் மெல்ல உயர்த்தி உயர்த்தித் தாழ்த்துவது உதவி கேட்கும் சைகை. கரையில் நிற்பவருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கோடை மாலைகளில் வேலூர்ப் பக்கம் இடிமழை திரளும்போது காற்று சில நிமிடங்களில் திசை மாறிவிடும். கரைக்குத் தள்ளிய காற்று ஏரி நடுவுக்குத் தள்ளும். கார்பன் மாஸ்ட் மின்சாரத்தைக் கடத்தும். முதல் இடி கேட்டதும் கரையேறி, பாயைச் சுருட்டி, கரை மேட்டிலிருந்தும் இறங்கிவிடுங்கள்.