கரண்ட் திரும்பி போயிருதுன்னா பில்லு எதுக்கு மாமா?

போன சனிக்கிழமை தங்கச்சி வீட்டுக்கு போயிருந்தேன், பினாங்கு ஆயர் ஈத்தாம்ல பழைய ஃபிளாட். அவ பொண்ணு இந்த வருஷம் படிவம் 5, எஸ்பிஎம் பரிட்சை. பிசிக்ஸ்ல மூணாவது பாடம் மின்சாரம், அங்கதான் மாட்டிக்கிட்டு முழிக்குது பிள்ளை. தமிழ்ப்பள்ளியில மின்னோட்டம்னு சொல்லிக் கொடுத்தாங்க, இடைநிலைப்பள்ளி போனா மலாய்ல அருஸ்னாங்க, ட்யூஷன்ல கரண்ட்ங்கறாங்க, மூணு பெயரும் தெரியுது மாமா ஆனா அது என்னன்னுதான் தெரியலங்கறா.

நோட்டுல ரெண்டு பல்பை வரிசையா வரைஞ்சு வச்சிருந்தா, அதாவது தொடர் மின்சுற்று, மலாய்ல லித்தார் செசிரி. பக்கத்துல எழுதியிருக்கா, முதல் பல்பு கொஞ்சம் கரண்டை எடுத்துக்கும், மிச்சம்தான் ரெண்டாவதுக்கு போகும், அதனால ரெண்டாவது மங்கலா எரியும்னு. பார்த்ததும் சிரிப்பு வந்துருச்சு, ஏன்னா நானும் பள்ளிக்கூடத்துல இதையேதான் நம்பிக்கிட்டு இருந்தேன். பாயான் லெப்பாஸ்ல பேக்டரிக்கு மெயின்டனன்ஸ் வேலைக்கு போயி மீட்டரை கையில பிடிச்சப்பறம்தான் புரிஞ்சது, பல்பு கரண்டை திங்கிறதே இல்ல. உள்ள எவ்வளவு போகுதோ அவ்வளவும் அந்தப் பக்கம் வெளிய வருது. பல்புக்கு முன்னாடி ஒரு அம்மீட்டர், பின்னாடி ஒரு அம்மீட்டர் போட்டா ரெண்டும் ஒரே நம்பர்தான் காட்டும்.

சைக்கிள் செயினை நினைச்சுக்கோன்னு சொன்னேன். பெடலை மிதிச்சா பின் சக்கரம் சுத்துது, அதுக்காக சக்கரம் செயினை தின்னுடுச்சா? செயின் அப்படியே சுத்தி திரும்பி வருது, சக்கரத்துக்கு போனது உன் காலோட பலம். பேட்டரிதான் கால், வயருக்குள்ள இருக்கிற எலக்ட்ரான்தான் செயின், பல்புதான் சக்கரம். இன்னொண்ணும் இதுலயே புரியும், வயருக்குள்ள எலக்ட்ரான் நத்தை மாதிரிதான் நகருது, வினாடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட தேறாது, ஆனா சுவிட்ச் போட்ட உடனே லைட் எரியுது. ஏன்னா செயின் எல்லா இடத்துலயும் முன்னாடியே இருக்கு, ஒரு கண்ணி நகர்ந்தா எல்லா கண்ணியும் சேர்ந்து நகருது.

அப்ப வோல்ட்னா என்னன்னா, ஒவ்வொரு கூலோம் சார்ஜும் எத்தனை ஜூல் சக்தி கொடுக்குதுங்கிற கணக்கு, அவ்வளவுதான். 1.5 வோல்ட் பேட்டரின்னா கூலோமுக்கு 1.5 ஜூல். ரெண்டு பேட்டரி வரிசையா போட்டா 3 வோல்ட். அதுல 6 ஓம் பல்பு ஒண்ணு மாட்டினா 3ஐ 6ஆல வகுத்து 0.5 ஆம்பியர். அதே பல்பு ரெண்டை தொடரா மாட்டினா தடை 12 ஓம், கரண்ட் 0.25 ஆம்பியர், ஆளுக்கு 1.5 வோல்ட். ரெண்டும் சமமா மங்கலா எரியும், எது முன்னாடி எது பின்னாடிங்கறதுக்கு இங்க வேலையே இல்ல. கரண்டும் பாதி வோல்ட்டும் பாதி, அதனால ஒவ்வொரு பல்புக்கும் முன்னாடி கிடைச்ச பவர்ல கால்வாசிதான். (நிஜ பல்புல இழை சூடு குறைஞ்சா தடையும் குறையும், கணக்கு இவ்வளவு கச்சிதமா வராது, ஆனா பரிட்சையில மாறாதுன்னு வச்சுக்கிட்டுதான் கேப்பாங்க.)

இணை மின்சுற்றுக்கு நோட்டே வேணாம்னு குசினிக்கு கூட்டிட்டு போனேன். வீட்டு வயரிங் எல்லாம் இணைதான், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பாதை, அதான் ரைஸ் குக்கரை ஆஃப் பண்ணா ஃபேன் நிக்க மாட்டேங்குது. ஒவ்வொண்ணுக்கும் முழு 230 வோல்ட் கிடைக்குது (பழைய புத்தகத்துல 240னு இருக்கும், குழம்பாதீங்க). கெட்டில் அடியில 2300 வாட்னு போட்டிருந்தது, 230ஆல வகுத்தா 10 ஆம்பியர். 690 வாட் குக்கர்னா 3 ஆம்பியர். ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன்ல சொருகினா 13 ஆச்சு, அந்த பிளக்குக்குள்ள இருக்கிற ஃபியூஸும் 13தான். இதுக்கு மேல டோஸ்டரையும் மாட்டுறவங்கள நான் பார்த்திருக்கேன், என் தங்கச்சியே அப்படித்தான்.

அப்பதான் பிள்ளை கேட்டுச்சு, "எல்லா கரண்டும் திரும்பி போயிருதுன்னா மாசாமாசம் மின்சாரக் கம்பெனி டிஎன்பிக்கு எதுக்கு மாமா காசு கட்டுறோம்?"

இந்த கேள்விக்காகவே அவளுக்கு ஏ பிளஸ் போடலாம். காசு கரண்டுக்கு இல்லம்மா, சக்திக்கு. ஒவ்வொரு கூலோமும் போறதுக்கு முன்னாடி 230 ஜூலை கெட்டில்ல இறக்கிட்டு போகுது. உண்மையில நம்ம வீட்டு எலக்ட்ரான் எதுவும் பவர் ஸ்டேஷன்லேர்ந்து கிளம்பி வந்ததே இல்ல, ஏசிங்கறதால வினாடிக்கு 50 தடவை இருந்த இடத்துலயே முன்னும் பின்னும் ஆடிக்கிட்டு இருக்கு. பில்லுல ஒரு யூனிட்டுங்கறது 1 கிலோவாட் 1 மணி நேரம் ஓடுறது, 36 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் தண்ணிய 30 டிகிரிலேர்ந்து கொதிக்க வைக்க சுமார் 2,94,000 ஜூல், ஒரு யூனிட்டுல பன்னண்டுல ஒரு பங்குகூட இல்ல. இந்த 2300 வாட் கெட்டிலுக்கு கணக்குப்படி ரெண்டு நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல. கெட்டிலை போட்டு டைம் பார்த்தோம், மூணு நிமிஷத்துக்குள்ள கொதிச்சிருச்சு, கெட்டிலும் சேர்ந்து சூடாகணுமில்ல.

இருந்தாலும் முழு கரண்டும் திரும்புதுன்னு அவ நம்பல. சரி வான்னு வாசல் பக்கம் இருக்கிற டிபி பாக்ஸை, அதாவது வீட்டு மெயின் சுவிட்ச் பொட்டிய, திறந்து காமிச்சேன். அதுல ஆர்சிசிபி இருக்கும், பழைய ஆளுங்க இஎல்சிபின்னுதான் சொல்லுவாங்க. அதோட வேலையே இதுதான், லைவ்ல போற கரண்டையும் நியூட்ரல்ல திரும்புற கரண்டையும் ஒப்பிட்டு பார்த்துக்கிட்டே இருக்கும். ரெண்டும் சமமா இருக்கிற வரைக்கும் சும்மா இருக்கும். 30 மில்லிஆம்பியர் வித்தியாசம் வந்தா அது எங்கயோ ஒழுகுது, ஒருவேளை யாரோ ஒருத்தர் உடம்பு வழியா தரைக்கு போகுதுன்னு அர்த்தம், உடனே சுவிட்ச் தானா விழுந்து கரண்டை நிறுத்திரும். எங்க வீட்டுல போன வருஷம் மழை நேரத்துல மட்டும் விழுந்துக்கிட்டே இருந்தது, வந்த வயர்மேன் பாக்ஸையே மாத்தணும்னு பெரிய தொகை சொன்னாரு, கடைசியில பார்த்தா வாஷிங் மெஷின் பிளக்குக்குள்ள தண்ணி. பல்பும் கெட்டிலும் கரண்டை தின்னுச்சுன்னா இந்த பொட்டி ஒரு நிமிஷம்கூட நிக்காதுல்ல?

பிள்ளை கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கிட்டு இருந்தா. "அந்த 'T'ன்னு போட்ட பட்டன்?" டெஸ்ட் பட்டன், அமுக்கினா ஒரு சின்ன தடை வழியா கொஞ்சம் கரண்டை கணக்குல வராம திருப்பி விடும், பொட்டி ஏமாந்து விழணும், மாசம் ஒரு தடவை அமுக்கி பார்க்கணும்னு சொல்லி முடிக்கல, அமுக்கிட்டா.

வீடே இருட்டு. உள்ள அம்மா சீரியல் பார்த்துக்கிட்டு இருந்தாங்கங்கறத ரெண்டு பேருமே மறந்துட்டோம்.