ஓம் மிஸ்

பிஎச்டிக்குப் பதியப்போகிறேன் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "திரும்பவும் ராகமைக்கோ?" ஸ்பீச் தெரபி படித்த நாலு வருஷமும் நான் இரவு ரயிலில் தூங்கி விழுந்தது அவருக்கு இன்னும் மறக்கவில்லை. இந்தமுறை ஆய்வு திருகோணமலையில்தான். காரணம் ஒரு காகம்.

போன வருஷம் மூதூரில் இருந்து இரண்டு வயது மகனோடு ஒரு தாய் வந்தார், கூடவே அம்மம்மாவும். ஓட்டிசம் (மதியிறுக்கம்) இருக்கக்கூடுமா என்று முதலில் சலித்துப் பார்க்கிற எம்-சாட் கேள்விகள் 20, எல்லாவற்றுக்கும் பதில் சொல்வது பெற்றோர்தான். பெயர் சொன்னால் திரும்புவாரா? ஓம் மிஸ். விரலால் காட்டினால் பார்ப்பாரா? ஓம் மிஸ். பாவனை விளையாட்டு விளையாடுவாரா? ஓம் மிஸ், நல்லா விளையாடுவான். பிள்ளையோ கதிரைக்குக் கீழே லொறியைக் கவிழ்த்துப்போட்டு ஒரே சில்லைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஜன்னல் பக்கம் கையை நீட்டி "அங்க பார், காகம்!" என்றேன். தாய் பார்த்தார், அம்மம்மா பார்த்தார், அவன் பார்க்கவில்லை. அப்போதுதான் அம்மம்மா வாய் திறந்தார்: "கூப்பிட்டா திரும்பமாட்டான் மகள், பிஸ்கட் பைக்கற் சத்தத்துக்குத்தான் ஓடிவருவான்."

தாளின்படி அவனுக்கு ஒன்றுமில்லை!

தாய் பொய் சொல்லவில்லை. பாதிப் பிழை கேள்வியின் தமிழில். இப்படியான கேள்விகளைத் தமிழாக்கினால், வேறொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒத்துப்பார்ப்பார்கள். "பாவனை விளையாட்டு" அதில் அழகாகப் பாஸாகிவிடும். ஆனால் எங்களுக்குப் பாவனை என்றால் நடிப்பு அல்ல, பயன்படுத்துவது: மனித பாவனைக்கு உதவாத அரிசி என்று செய்தியில் வருகிற பாவனை. சிரட்டையில் மண்சோறு ஆக்கி "அம்மா சாப்பிடு" என்று நீட்டுவானா என்று கேட்டிருந்தால் அவர் கொஞ்சமாவது யோசித்திருப்பார்.

சிங்களத்திலும் இது நடந்திருக்கிறது. 2009இல் வந்த இலங்கை ஆய்வொன்று, தான் பார்த்த 18 முதல் 24 மாதப் பிள்ளைகளில் 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் என்று கணக்குச் சொன்னது, ஆனால் எம்-சாட் அப்படி ஓட்டிசம் இருந்தவர்களில் பலரைத் தவறவிட்டிருந்தது. பிறகுதான் படம் காட்டிக் கேட்கிற முறை ஒன்றை இங்கே உருவாக்கினார்கள்.

இந்தக் கேள்விகளை எங்கள் தமிழில் ஆக்கிப் பார்க்கிற என் ஆய்வு முன்மொழிவு சிவப்பு மையோடு திரும்பி வந்திருக்கிறது: காகம் வேண்டாம், மாதிரி அளவு (எத்தனை பிள்ளைகள்) எங்கே? நியாயம்தான். ஓட்டிசம் உறுதியான பிள்ளைகள் மட்டும் போதாது, வேறு காரணத்தால் பேச்சுப் பிந்தியவர்களும், ஒரு பிரச்சினையும் இல்லாதவர்களும் வேண்டும், இல்லாவிட்டால் என் கேள்வி யாரைப் பிரித்துக் காட்டுகிறது என்றே தெரியாது. அதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதற்கிடையில், மண்சோறு விளையாட்டுக்கு உங்கள் வீட்டில் என்ன பெயர்? மூதூர், கிண்ணியா, சம்பூர் ஆட்கள் கட்டாயம் சொல்லுங்கள்.